கொத்து பரோட்டா போட்ட என் வண்டி

அளவு விஷயத்தில் எனக்குத் திமிர் ஜாஸ்தி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொஞ்ச நேரம் கழித்து நீங்களே கண்டுபிடித்து, "இவளுக்கு நல்லா வேணும்" என்று சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்வது மரியாதை.

நான் நில அளவர். ஊர்ப் பேச்சில் சர்வேயரம்மா. எந்த வரப்பு யாருக்குச் சொந்தம், எல்லைக்கல்லை எங்கே நட வேண்டும் என்று அளந்து சொல்வது என் வேலை. இந்தக் கதை நடந்தபோது எனக்கு வயது இருபத்தாறு. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருஷத்துக்கு எவ்வளவு அடக்கம் இருக்க வேண்டுமோ, அதில் பத்தில் ஒரு பங்குகூட என்னிடம் கிடையாது.

எங்கள் அலுவலகப் பதிவேடுகள் மீட்டரிலும் ஹெக்டேரிலும் இருக்கும். ஜனங்கள் வாயில் வருவதோ அடியும் சென்ட்டும். ஒரு அடி என்றால் முப்பது புள்ளி நாலு எட்டு சென்டிமீட்டர், ஒரு சென்ட் என்றால் நானூற்று முப்பத்தைந்து புள்ளி ஆறு சதுர அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கேட்டால் சொல்வதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்காதவர்களையும் பிடித்துவைத்துச் சொல்வேன். வேங்கிக்கால் சுப்பராயன் என்று ஒருவர், ஐம்பது வயது விவசாயி. ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "பக்கத்து நிலத்துக்காரன் எட்டு அடி உள்ள வந்துட்டாம்மா" என்று முறையிட்டார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அடி, அங்குலமெல்லாம் கவர்மெண்டுல கிடையாதுங்க. மீட்டர்ல சொல்லுங்க" என்றேன். (இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.) அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரிங்க மேடம்" என்று எழுந்து போனார்.

இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு பெரிய குறை. வண்டி கிடையாது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், அலுவலகம் வேங்கிக்காலில். அதுவரைக்கும் எப்படியாவது ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போய்விடலாம். அங்கிருந்து அளக்கப் போகிற கிராமத்துக்கு எப்படிப் போவது? மனு கொடுத்தவரே வந்து தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். அங்கேதான் வினை. நான் ஒருவர் வண்டியின் பின்சீட்டில் போய் இறங்கியதுமே எதிர்க்கட்சிக்காரர் முகம் சுருங்கிவிடும். "யார் கூட்டியாந்தாங்களோ அவங்க பக்கம்தானே கல்லு வுழும்" என்று காதுபடவே சொல்வார்கள். நான் எவ்வளவு நேர்மையாக அளவுச் சங்கிலி பிடித்தாலும் அந்தப் பேச்சு மாறாது. ஒருநாள் ஒரு பாட்டியம்மாள், "நீ காசு வாங்கிக்கினு அளக்கறவ" என்று மண்ணைவாரித் தூற்றினாள். வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கென்று ஒரு வண்டி வேண்டும், யார் முதுகுக்குப் பின்னாலும் உட்காராமல் நானே போய் இறங்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வண்டி ஒன்று வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள். முட்டிவலி வந்து அவரால் கிக்கரை உதைக்க முடியாமல் போனதிலிருந்து மாட்டுக்கொட்டகையில் வைக்கோலோடு வைக்கோலாக நின்றது. ஓடும். ஆனால் ஹாரன் கிடையாது, பேட்டரி செத்துவிட்டது, ஓடும்போது தையல் மெஷின் மாதிரி ஒரு 'டிக் டிக்' சத்தம். டேப்பெட் சத்தம்.

இந்த வண்டியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டபோது அப்பா அசையவில்லை.

"ஞாயித்துக்கெழம தனபாலு வர்றான். வண்டிய அவன் எடுத்துக்கினு போவட்டும்" என்றார். தனபால் அப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா. செங்கத்தில் பால் வியாபாரம். இரண்டு பக்கமும் பால் கேன் கட்ட அவருக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது.

"நான் கேட்டேனேப்பா?"

"இந்தச் சத்தத்தோட நீ ஆபீசுக்குப் போவியா? ஊரே சிரிக்கும்."

"சத்தம்தானே? நானே சரி பண்றேன். ஞாயித்துக்கெழம இங்கேர்ந்து வேங்கிக்கால் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு, திரும்பி நம்ம வாசல் வரைக்கும் ஓட்டிக்கினு வரேன். டேப்பெட் சத்தம் வந்துச்சுன்னா சித்தப்பா எடுத்துக்கட்டும். வரலைனா வண்டி எனக்கு."

"மெக்கானிக்கு யாரு?"

"மெக்கானிக்கெல்லாம் வேணாம். நான் சர்வேயர்ப்பா. அளவு எனக்குத் தெரியாதா?"

இந்த வாக்கியத்தைத்தான் என் வீட்டில் இன்றைக்கும் எல்லோரும் என் குரலிலேயே சொல்லிக்காட்டுகிறார்கள்.

டேப்பெட் என்றால் என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குள் வால்வு என்று இரண்டு கதவுகள். ஒன்று பெட்ரோல் காற்று உள்ளே வருவதற்கு, இன்னொன்று புகை வெளியே போவதற்கு. ஒவ்வொரு கதவையும் ஒரு சின்னச் சுத்தியல் தட்டித் திறக்கும். சுத்தியலுக்கும் கதவுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அது கூடினால் சத்தம் வரும், குறைந்தால் கதவு சரியாக மூடாது. இதைச் சரியான அளவில் வைப்பதுதான் டேப்பெட் அட்ஜஸ்ட்மெண்ட். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் விரலால் ஆட்டிப் பார்த்தே வைத்துவிடுவார்கள். "லேசா ஆடணும், அவ்ளோதான்" என்பார்கள். லேசா என்றால் எத்தனை மில்லிமீட்டர்? அந்தக் கை அளவை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும்.

நான் முறைப்படி இறங்கினேன். வண்டியோடு வந்த கையேட்டை அப்பா இன்சூரன்ஸ் காகிதத்தோடு பத்திரமாக வைத்திருந்தார். உள்ளே வரும் வால்வுக்கு 0.08 மில்லிமீட்டர், வெளியே போகும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. இவ்வளவு மெல்லிய இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் என்று ஒரு கருவி உண்டு. விசிறி மாதிரி விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் ஏழுமலையின் பழைய டிராக்டர் பெட்டியில் அது இருந்தது. பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். ஒன்பதாம் நம்பர் நட்டைக் கழற்ற வேண்டும். பெட்டியில் இருந்த ஸ்பேனர்களில் முழு எண் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அரை, முக்கால், எட்டில் மூன்று என்று பின்னங்கள். ஒரு மனுஷிக்கு மண்டைக்குள் மணி அடிக்க வேண்டிய இடம் இதுதான். எனக்கு அடிக்கவில்லை. எட்டில் மூன்று என்று போட்ட ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தியது. அழுத்தித் திருப்பினேன். 'சடக்' என்று வழுக்கி, நட்டின் முனை மழுங்கி, என் விரல் முட்டிகள் இரண்டில் தோல் உரிந்தது. "தரமில்லாத நட்டு" என்று வண்டிக் கம்பெனியைத் திட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

பிறகு தகடுகளை விரித்தேன். எனக்கு வேண்டியது 0.10. தகட்டில் .010 என்று இருந்தது. எனக்கு வேண்டியது 0.08. தகட்டில் .008.

புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம் கூடுதலாக இருப்பதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். யோசிக்கவும் செய்தேன். ஒரு பட்டாவில் புள்ளி இடம் மாறினால் மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும் என்று தெரிந்தவள் நான். அப்படிப்பட்டவள் என்ன முடிவுக்கு வந்தேன் என்றால், தகட்டில் எண் பொறித்தவன் கணக்குத் தெரியாதவன் என்ற முடிவுக்கு வந்தேன். பாவம், ஏதோ தொழிலாளி, புள்ளியைத் தள்ளி வைத்துவிட்டான் என்று அவனை மன்னிக்கவும் செய்தேன்.

சாயங்காலத்துக்குள் இரண்டு வால்வுக்கும் இடைவெளி வைத்து மூடியையும் போட்டுவிட்டேன். "ஸ்டார்ட் பண்ணிப் பாருடி" என்றாள் அம்மா. "அளந்து வெச்சத எதுக்கு சோதிக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடுவதே கிரிவலப் பாதைதான். வெளியூர் ஜனம் காலையிலிருந்தே நடக்க ஆரம்பித்திருந்தது. அம்மா பாதையோரக் கடையில் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் அடுக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஒரு குட்டியானை மினி லாரியில் வந்து இறங்கினார். வண்டியைக் கட்ட ஒரு கயிறு, பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு காலிப் பால் கேன்கள். என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"என்னம்மா தேவி, ரெடியா?"

"ரெடி சித்தப்பா. கயிற மடிச்சு வெச்சிடுங்க" என்று சொல்லி, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கிக்கரை ஓங்கி உதைத்தேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. தோசைக்கல்லில் இரண்டு தகரத்தை வைத்துக் கொத்துகிறார்களே, அந்தச் சத்தம். டடக் டடக் டட்டட டடக். கொட்டகையில் இருந்த பசு மூக்கணாங்கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது. கடையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாருடி அது, காலங்காத்தால கொத்து பரோட்டா போடறது?" என்று கத்தினாள். சித்தப்பா குட்டியானையின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

"இன்ஜின் சூடானா அடங்கிடும்" என்றேன். இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் அங்கேயே உற்பத்தி செய்தது.

"சரி, நீ போம்மா. நாங்க பின்னாலயே வர்றோம். ஏத்தியார ஆளு வேணுமில்ல" என்றார் சித்தப்பா.

கிளம்பினேன். பக்தர்கள் நடக்கிற திசையிலேயே நானும் போக வேண்டும். ஹாரன் இல்லையே என்று கவலைப்பட்டிருந்தேன். தேவையே படவில்லை. நூறு மீட்டருக்கு முன்பே ஜனங்கள் திரும்பிப் பார்த்து, அடித்துப் பிடித்து ஒதுங்கினார்கள். காவி கட்டிய ஒரு சாமியார் கண்ணை மூடி ஜபித்துக்கொண்டிருந்தவர், ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். குபேர லிங்கம் பக்கத்தில் ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "கலி முத்திப்போச்சுங்க. பௌர்ணமி அன்னிக்குப் பாதையிலயே முட்டை பரோட்டா போடறானுங்க" என்று சொல்வது என் காதில் விழுந்தது. எனக்கு அப்படியே மலைக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. இன்ஜின் சூடாகச் சூடாகச் சத்தம் அடங்கவில்லை. தாளம் பிடித்துக்கொண்டது.

வேங்கிக்காலில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு புளியமரம். மரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது மணி பதினொன்று. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் டம்ளரோடு வெளியே வந்து நின்றார்கள். பின்னாலேயே குட்டியானை வந்து நின்றது.

"சாவியக் குடும்மா" என்று கை நீட்டினார் சித்தப்பா. "இதுக்கு மேல ஓட்டினா வாங்கியும் பிரயோஜனமில்ல."

அந்தச் சாவியைக் கொடுத்தால் நாளையிலிருந்து மறுபடியும் யாரோ ஒருவரின் பின்சீட்டு. மறுபடியும் அந்த மண் தூற்றல். கொடுக்கமாட்டேன் என்று சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வாசல் வரைக்கும் திரும்பி ஓட்டிக்கினு வரணும்னுதானே பேச்சு? இன்னும் திரும்பவே இல்லையே."

"மூணு மணிக்குப் பௌர்ணமி கூட்டத்துக்காகப் போலீசு பாதைய மூடிடுவாங்க. அப்புறம் எங்கேர்ந்து வாசலு?"

"மூணு மணி வரைக்கும் இருக்குதில்ல. பேசினது பேசினதுதான்டா" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது. சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

எங்கே தப்பு என்று பார்க்கலாம் என்றால் இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. டேப்பெட்டை ஆறின இன்ஜினில்தான் வைக்க வேண்டும். ஒரு விரலை வைத்துப் பார்த்து, அந்த விரலையும் சுட்டுக்கொண்டேன். "ஒரு குடம் தண்ணி ஊத்தினா ஆறிடும்மா" என்று சித்தப்பா நல்ல மனசோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். சூட்டோடு தண்ணீர் பட்டால் இன்ஜின் வெடிப்பு விடும் என்று கத்தி, வண்டிக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டார்.

சும்மா உட்கார முடியவில்லை. பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் மறுநாள் கொடுக்க வேண்டிய அளவை அறிவிப்புகளும் இருந்தன. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு, இன்ன தேதியில் அளக்க வருகிறோம் என்று கொடுக்கிற காகிதம். ஒரு கையில் அந்தக் காகிதம், இன்னொரு கையில் .010 தகடு. இரண்டையும் விரலால் நிமிண்டினேன். தகடு கனமாக இருந்தது. நிறையவே கனம்.

எனக்குச் சுருக்கென்றது. அலுவலகத்தில் காகிதக் கட்டு பிரிக்கிறவள் நான். ஒரு கட்டுக்கு ஐநூறு தாள், உயரம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். ஐம்பது மில்லிமீட்டரை ஐநூறால் வகுத்தால் ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். அப்படியென்றால் தகடும் தாளும் ஒரே கனமாக அல்லவா இருக்க வேண்டும்? தாளை இரண்டாக மடித்து நிமிண்டினேன். அப்போதும் தகடுதான் கனம். மூன்றாக மடித்தால் தாள் கனம். இரண்டரைத் தாள். இரண்டரை மடங்கு.

இரண்டரை! ஒரு அங்குலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர்! துப்பட்டாவால் கேஜின் மேல்தகட்டில் இருந்த கிரீஸை அழுத்தித் துடைத்தேன். பழைய டிராக்டர், பழைய பெட்டி, பின்ன எண் ஸ்பேனர், எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்க, அடியில் சின்ன எழுத்தில் 'இன்ச்' என்று பொறித்திருந்தது.

புள்ளியைத் தள்ளி வைத்தவன் அந்தத் தொழிலாளி இல்லை. அவன் கணக்கு சுத்தம். நாள் முழுக்க அடியை மீட்டராக மாற்றுவதற்குச் சம்பளம் வாங்குகிற நான்தான், அங்குலத்தை மில்லிமீட்டர் என்று நினைத்து இரண்டரை மடங்கு இடைவெளி வைத்திருக்கிறேன். "அட லூசே!" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன்.

அறிவிப்பின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். 0.10-ஐ 25.4-ஆல் வகுத்தால் .004 அங்குலத்துக்குப் பக்கம். 0.08-ஐ வகுத்தால் .003. மூன்றாம் தகடு, நாலாம் தகடு. அவ்வளவுதான். பேனாவை மூடி நிமிர்ந்தால் எதிரே யார்? கையில் டீயோடு சுப்பராயன். எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ தெரியாது. குனிந்து என் கணக்கை நிதானமாகப் படித்தார்.

"ஏம்மா, அடி அங்குலமெல்லாம் கவர்மெண்டுல இல்லைன்னு சொன்னீங்களே?"

எனக்குக் காது மடல் வரை சுட்டது. "தப்புதாங்க. இருக்குது. நெறையவே இருக்குது" என்றேன்.

"அப்ப என் எட்டு அடி?"

"நாளைக்கு வாங்க. எட்டு அடின்னே எழுதிக்கறேன். மாத்தறது என் வேல." அவர் தலையாட்டிவிட்டு, எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டுப் போனார். அந்த டீயைக் குடிக்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் குடித்தேன்.

இன்ஜின் ஆறுவதற்குள் மணி ஒன்றரை ஆகிவிட்டது. அதுவரை அறிவிப்புக் கட்டால் விசிறிக்கொண்டிருந்தேன். நட்டைக் கழற்ற இப்போது சரியான ஒன்பதாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். அது எங்கே இருந்தது தெரியுமா? சித்தப்பாவின் குட்டியானையில், சீட்டுக்கு அடியில்.

"ண்ணா, இது பேச்சுல இல்ல. அவ ஸ்பேனரு அவதான் கொண்டாரணும்" என்றார் சித்தப்பா.

"ஸ்பேனர் கேட்டா குடுக்கறதில்லையா? என்னடா பொழப்பு இது?" என்றார் அப்பா. ஸ்பேனர் வந்தது.

இடதுபக்க மூடியைக் கழற்றி, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டதைக் காட்டும் குறி கோட்டுக்கு நேராக வரும்வரை இன்ஜினைக் கையால் சுற்றினேன். நாலாம் தகட்டை நுழைத்து, திருகாணியை இறக்கி, நட்டை முடுக்கினேன். நட்டோடு திருகாணியும் சேர்ந்து திரும்பி அளவு போனது. மறுபடியும். மறுபடியும் போனது. கடவுள் இந்த வேலைக்கென்று மனுஷருக்கு மூன்றாவது கை கொடுத்திருக்கலாம். ஐந்தாவது தடவை, தகடு இழுத்தால் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி லேசான பிடிப்போடு வெளியே வந்தது. (லேசான பிடிப்பு! 'லேசா ஆடணும்' என்ற மெக்கானிக்கை நான் எப்படியெல்லாம் ஏளனம் செய்தேன்.) மூன்றாம் தகட்டுக்கு நாலே தடவைதான். மூடிகளைப் போட்டேன். மணி இரண்டு இருபது. இந்த முறை யாரும் சொல்லாமலேயே சோதித்துப் பார்த்தேன்.

உதைத்தேன். வண்டி கிளம்பியது. 'பட் பட் பட்' என்று சைலன்சரின் மெல்லிய சத்தம், அவ்வளவுதான். தட்டலும் இல்லை, கொத்தலும் இல்லை. டீக்கடைக்காரர், "பரோட்டாக் கட போயிடுச்சுடா" என்றார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. சித்தப்பா மட்டும் இன்ஜினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் குந்திக்கொண்டு, ஏதாவது சத்தம் வராதா என்று ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாசல்ல பாத்துக்கலாம்" என்று எழுந்தார்.

இப்போதுதான் புதுத் தொல்லை. திரும்பும்போது நான் கிரிவலத்துக்கு எதிர்த்திசை. பத்தாயிரம் பேர் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒதுங்கவில்லை. ஏன் ஒதுங்குவார்கள்? வண்டி வருவதே யாருக்கும் கேட்கவில்லை. காலையில் தானாக வழிவிட்ட ஜனம், இப்போது பேசிக்கொண்டும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டும் நேராக என் ஹேண்டில்பாருக்கு வந்தது. "ஓரம், ஓரம்" என்று கத்தினேன். "ண்ணா கொஞ்சம் வழி விடுங்க" என்று கெஞ்சினேன். மணி இரண்டு நாற்பது. பின்னால் குட்டியானை ஊர்ந்து வந்தது, அதன் ஹாரனை அடிக்க வேண்டிய ஆள் சித்தப்பா. அவர் அடிப்பாரா?

வேறு வழி தெரியவில்லை. மூச்சை நிறைய இழுத்து, "அண்ணாமலையாருக்கு!" என்று முழுத் தொண்டையில் கத்தினேன்.

"அரோகரா!" என்றது ஜனம். அத்தனை பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி நிமிர்ந்தார்கள். நிமிர்ந்ததும் என்னைப் பார்த்தார்கள். பார்த்ததும் ஒதுங்கினார்கள். வழி பிறந்தது. இருபது மீட்டர் போனேன், மறுபடி கூட்டம். "அண்ணாமலையாருக்கு!" "அரோகரா!" மறுபடி வழி. அடி அண்ணாமலை வரைக்கும் இப்படியே கத்திக்கொண்டு போனேன். நான் கும்பிடாத குறைக்கு அன்றைக்கு ஒரு வருஷத்துப் புண்ணியம் சேர்ந்திருக்கும். தொண்டை மூன்று நாளைக்கு வேலை செய்யவில்லை.

எங்கள் வீட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள் தடுப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன். எங்கேயோ உடுக்கை, எங்கேயோ ஒலிபெருக்கி, ஒரே இரைச்சல். குட்டியானையும் பின்னால் வந்து நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்கள்.

"உள்ள வண்டி போவக்கூடாதும்மா" என்றார் போலீஸ்காரர்.

"வீடு அதோ தெரியுது சார். மூணு மணி ஆகலையே இன்னும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் இருக்குது. சரி, சட்டுனு போயிடுங்க. எதுக்கு நிக்கறீங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க!"

"ஸ்டார்ட்லதான் சார் இருக்குது" என்றேன்.

அவர் குனிந்து வண்டியைப் பார்த்தார். பெட்ரோல் டேங்கின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "அட, ஆமா" என்று தடுப்பை நகர்த்தினார். நான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தை ஃபோட்டோ எடுத்து மாட்டாமல் விட்டது என் வாழ்க்கையின் பெரிய நஷ்டம்.

வாசலில் போய் நிறுத்தினேன். நடந்து வந்து சேர்ந்த அப்பா, "ஆஃப் பண்ணாத" என்றார். வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். "டேய் தனபாலு, ஏதாவது கேக்குதா?"

"கேக்கலண்ணா."

"கிட்ட வந்து கேளு."

சித்தப்பா கிட்ட வந்து கேட்டார். "கேக்கலண்ணா" என்றார். பிறகு, நல்ல மனுஷர், தன் ஒன்பதாம் நம்பர் ஸ்பேனரை என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை அப்பா என்னை அழைத்துக்கொண்டு போய் வண்டியை என் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுத்தார். புதன்கிழமை நான் என் சொந்த வண்டியில் தனியாகப் போய் ஒரு வயலில் இறங்கினேன். இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நின்று எனக்கு ஒரே மாதிரி வணக்கம் சொன்னார்கள். அந்த வணக்கத்துக்காக இன்னொரு முறை கொத்து பரோட்டா போடச் சொன்னாலும் போடுவேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வாக்குவாதத்தில் தோற்றவர் "கேக்கலண்ணா" என்று சொல்லிவிட வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது. குழம்பில் உப்பு கம்மி என்று அம்மா ஒப்புக்கொண்டால் "கேக்கலண்ணா". நான் மூடிவிட்டதாகச் சத்தியம் செய்த கேஸ் திறந்திருந்தால் "கேக்கலண்ணா". சித்தப்பாவே சீட்டாட்டத்தில் தோற்றால் தானாகச் சொல்லிவிடுவார். சொல்லாத ஒரே ஆள் அப்பாதான். அவர் தோற்பதே இல்லை என்பது அவர் கட்சி.

போன மாசம் பக்கத்து நிலத்து ஏழுமலை, அப்பாவின் வேலி தன் நிலத்துக்குள் வந்திருப்பதாகச் சொன்னார். அப்பா குதித்தார். "எம் பொண்ணு சர்வேயரு. அவளே அளக்கட்டும்" என்று சவால் விட்டார். சொந்த நிலத்தை நானே அளக்கக்கூடாது என்று என்னோடு வேலை பார்க்கிற இன்னொருவரை வரவழைத்தேன். அப்பா விடவில்லை, நீயும் தனியா அளந்து பாரு என்றார். அளந்தேன். இரண்டு பேர் கணக்கும் ஒன்றாகவே வந்தது. கல் வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம் விழுந்தது.

"எவ்ளோ?" என்றார் அப்பா.

"அறுபது சென்டிமீட்டர்."

"அடியில சொல்லு."

"ரெண்டு அடிப்பா. நம்மதுதான் உள்ள போயிருக்குது."

அப்பா கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கேக்கலம்மா" என்றார். பிறகு குனிந்து முதல் வேலிக்காலைத் தானே பிடுங்கினார்.